ஷோரூம் வாசலில் சில கேள்விகள்

வண்டி எடுப்பது, சர்வீஸ் விடுவது பற்றிய கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்துப் போடுகிறோம். நெருப்பெரிச்சல், மங்கலம், பெருமாநல்லூர் என்று நாலு பக்கமிருந்தும் காலை ஷிப்டுக்கு டூ வீலரில் வந்து சேரும் ஊர் திருப்பூர். இங்கே வண்டி ஒரு நாள் நின்றால் ஒரு நாள் கூலியும் நிற்கும். அதனால் சில பதில்கள் நீண்டுவிட்டன.

கே: தீபாவளி போனஸ் கைக்கு வந்ததும் பைக் எடுக்கப் போகிறேன். ஷோரூமில் முதலில் என்ன கேட்பது?
*— ஓவர்லாக் டெய்லர், வீரபாண்டி*

ப: "மொத்தம் எவ்வளவு?" என்று கேட்காதீர்கள். "பிரித்து எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். ஆன்-ரோடு விலை என்று ஒரே தொகையாகச் சொல்லும்போது அதற்குள் பல பேருக்குப் போகும் பணம் கலந்து கிடக்கிறது. கம்பெனி விலை தனி. அரசுக்குப் போகும் ஆயுள் வரியும் பதிவுக் கட்டணமும் தனி. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து ஒரு லட்சம் ரூபாய் வரையுள்ள புது டூ வீலருக்கு ஆயுள் வரி 10 சதவீதம், அதற்கு மேல் போனால் 12 சதவீதம். இதில் யாரும் குறைக்க முடியாது, கூட்டவும் முடியாது.

மிச்சம் இருப்பதைத்தான் உற்றுப் பார்க்க வேண்டும். ஹேண்ட்லிங் சார்ஜ், டெஃப்லான் கோட்டிங், எக்ஸ்டெண்டட் வாரண்டி, ஆக்சசரீஸ் கிட் இவையெல்லாம் அங்கேதான் ஒளிந்திருக்கும். இவற்றில் எதுவும் அரசு விதித்த கட்டணம் அல்ல. வேண்டியதை வாங்குங்கள், வேண்டாததை அடித்துவிடச் சொல்லுங்கள். பில்லில் எழுத மறுக்கும் தொகை எதுவாக இருந்தாலும் கொடுக்காதீர்கள்.

கே: உட்கார வைத்து காபி கொடுத்து அவ்வளவு மரியாதையாகப் பேசினார்கள். உடனே அட்வான்ஸ் கட்டாமல் எழுந்து வர சங்கடமாக இருந்தது.
*— காஜா பட்டன் ஆபரேட்டர், ராயபுரம்*

ப: காபியைக் குடித்துவிட்டு, நன்றி சொல்லிவிட்டு, கொட்டேஷனை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு எழுந்து வரலாம். நாலு வருஷம் உழைத்துச் சேர்த்த பணத்துக்கு ஒரு ராத்திரி யோசிக்கும் உரிமை உண்டு. அட்வான்ஸ் கட்டுவதாக இருந்தால், ரத்து செய்தால் எவ்வளவு திரும்ப வரும் என்பதை ரசீதிலேயே எழுதி வாங்குங்கள்.

கே: ஹெல்மெட்டுக்குத் தனி பில், சேலை கார்டுக்குத் தனி பில். 'கிட் எடுத்தால்தான் வண்டி' என்கிறார்கள். சரிதானா?
*— கட்டிங் மாஸ்டர், பி.என். ரோடு*

ப: சரியில்லை. இந்த இரண்டு விஷயத்தையும் ஊரில் எல்லோருக்கும் சொல்லுங்கள்.

மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-ல் 138(4)(எஃப்) என்று ஒரு விதி இருக்கிறது. டூ வீலர் வாங்கும்போது ஐஎஸ்ஐ தரமுள்ள ஹெல்மெட்டை உற்பத்தியாளரே தர வேண்டும் என்கிறது அது. அதே விதிகளில் 123-ம் விதி, பின்னால் உட்காருபவருக்குக் கைப்பிடி, கால் வைக்கும் இடம், பின் சக்கரத்தில் பாதியையாவது மறைக்கும் தடுப்பு மூன்றும் வண்டியில் இருக்க வேண்டும் என்கிறது. துணி சக்கரத்தில் சிக்கக் கூடாது என்பதற்காக எழுதிய விதி. சேலையும் சுடிதார் ஷாலுமாகப் பின்னால் உட்கார்ந்து ஷிப்டுக்குப் போகும் பெண்கள் இந்த ஊரில் எத்தனை பேர்! அவர்கள் உயிரைக் காக்கும் தகடு அலங்காரச் சாமான் பட்டியலில் வரவே கூடாது.

விதி எண்ணைச் சொல்லிக் கேளுங்கள், குரல் உயர்த்த வேண்டியதில்லை. "பில்லில் எந்தத் தலைப்பில் இதைப் போடுவீர்கள்?" என்று கேட்டாலே பாதிப் பேச்சு முடிந்துவிடும். கிரோம் கார்டு, சீட் கவர், ஃபேன்சி மேட் எல்லாம் உங்கள் விருப்பம். கிட் முழுவதையும் எடுத்தால்தான் டெலிவரி என்றால் அதைத் தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள்.

கே: இன்சூரன்ஸை ஷோரூமில்தான் போட வேண்டுமா?
*— செக்கிங் சூப்பர்வைசர், அனுப்பர்பாளையம்*

ப: வேண்டியதில்லை. ஆனால் எது கட்டாயம், எது விருப்பம் என்று தெரிந்துகொண்டு பேசுங்கள்.

புது டூ வீலருக்கு ஐந்து வருஷ தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் கட்டாயம். 2018 செப்டம்பர் 1 முதல் இது நடைமுறையில் இருக்கிறது. சாலை விபத்துகள் குறித்த ஒரு பொதுநல வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு. அந்த வழக்கைத் தொடுத்தவர் நம் பக்கத்து ஊர்க்காரர்தான், கோவை கங்கா மருத்துவமனையின் எலும்பு மருத்துவர் எஸ். ராஜசேகரன். உடைந்த கால்களை நாள்தோறும் பார்த்த மருத்துவர் ஒருவர் நீதிமன்றத்துக்குப் போனதால் வந்த மாற்றம் என்பதால் இந்தத் தொகையை நான் சுமையாக நினைப்பதில்லை. தேர்ட் பார்ட்டி கட்டணத்தை நிர்ணயிப்பதும் அரசுதான். 2022 ஜூனில் அறிவித்தபடி 75-லிருந்து 150 சிசி வரை ஐந்து வருஷத்துக்கு ரூ.3,851, ஜிஎஸ்டி தனி.

நம் வண்டிக்கே அடிபட்டால் பணம் தரும் ஓன் டேமேஜ் பாலிசிதான் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அதை ஒரு வருஷத்துக்குப் போட்டால் போதும், எந்தக் கம்பெனியிலும் போடலாம். ஷோரூம் சொல்லும் தொகையை வெளியே இரண்டு இடத்தில் ஒப்பிட்டுப் பாருங்கள். ஷோரூமிலேயே போட்டால் விபத்தின்போது கேஷ்லெஸ் வேலை சுலபமாக நடக்கும் என்பது உண்மைதான். அந்த வசதிக்கு எவ்வளவு கூடக் கொடுக்கிறீர்கள் என்று தெரிந்து கொடுங்கள். பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குச் சாதாரண பாலிசியில் பாதிப் பணம்தான் வரும் என்பதையும் மறக்க வேண்டாம். இன்றைய ஸ்கூட்டரில் விழுந்தால் உடைவது பெரும்பாலும் பிளாஸ்டிக்தான்.

கே: 'வட்டி வெறும் 12 சதவீதம்' என்றார் ஃபைனான்ஸ்காரர். எடுக்கலாமா?
*— பேட்லாக் டெய்லர், முருகம்பாளையம்*

ப: ஃபிளாட்டா, குறையும் பாக்கிக்கா என்று கேட்டீர்களா? ரூ.80,000 கடன், இரண்டு வருஷம், 12 சதவீதம் ஃபிளாட் என்றால் வட்டி ரூ.19,200. மாதம் ரூ.4,133 கட்டுவீர்கள். மாதாமாதம் அசல் குறைந்துகொண்டே வரும், வட்டியை மட்டும் முழு 80,000-க்கும் போட்டிருப்பார்கள். உண்மைக் கணக்கில் அது ஆண்டுக்கு 21.5 சதவீதத்தை ஒட்டி வரும்.

2024 அக்டோபரிலிருந்து, கடன் கொடுக்கும் முன் மொத்தச் செலவையும் உண்மையான ஆண்டு வட்டியையும் ஒரே தாளில் காட்ட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்தத் தாளைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். கடன் முடிந்ததும் என்ஓசி வாங்கி ஆர்.சி.யில் ஃபைனான்ஸ் பெயரை நீக்குங்கள். இதை விட்டுவிட்டு விற்கும் நேரத்தில் அலைகிறவர்கள் நிறையப் பேர்.

கே: 350-க்கும் 450-க்கும் இப்போது விலை வித்தியாசம் ஏன் இவ்வளவு?
*— கல்லூரி மாணவர், அவிநாசி*

ப: 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாக இறங்கியது, அதற்கு மேலே 40 ஆக ஏறியது. நூறு சிசி கூடுதலுக்கு வரி இரண்டு மடங்குக்கு மேல். இன்ஜினைப் பிடித்திருந்தால் எடுங்கள். பந்தாவுக்கு என்றால் 350 போதும்.

கே: டெலிவரி எடுக்கும்போது வண்டியில் என்ன பார்க்க வேண்டும்?
*— பனியன் செக்கிங் செய்யும் பெண், காதர்பேட்டை*

ப: இந்தக் கேள்வியை நீங்கள் கேட்டதில் எனக்கு மிகவும் சந்தோஷம். ஒரு பனியனை டேபிளில் விரித்தால் ஸ்டிட்ச் விட்ட இடம், ஆயில் கறை, ஊசி ஓட்டை மூன்றும் சில நொடியில் உங்கள் கண்ணில் படும். பையர் அனுப்பும் க்யூசி எடுத்துப் பார்த்த பீஸில் அளவுக்கு மேல் குறை இருந்தால் மொத்த லாட்டும் ரீ-செக்கிங்குக்குத் திரும்பும். நூறு ரூபாய் டி-ஷர்ட்டுக்கு அந்தக் கண்டிப்பு. லட்ச ரூபாய் வண்டிக்கு மட்டும் மாலை போட்டு, போட்டோ எடுத்து, அவர்கள் காட்டிய இடத்திலெல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறோம். டேபிளில் பார்க்கிற அதே கண்ணோடு ஷோரூமுக்குப் போங்கள்.

பகல் வெளிச்சத்தில் பாருங்கள். வண்டியில் அடித்திருக்கும் சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் பில்லிலும் இன்சூரன்ஸிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று சரிபாருங்கள். ஓரெழுத்து மாறினால் பின்னால் கிளைம் நேரத்தில் இழுத்தடிப்பார்கள். விற்பனைச் சான்றிதழான படிவம் 21-ல் தயாரித்த மாதமும் வருஷமும் இருக்கும். டயரின் பக்கவாட்டில் நாலு இலக்க எண் இருக்கும், 3225 என்றால் 2025-ம் ஆண்டின் 32-வது வாரம். இரண்டையும் பார்த்தால் வண்டி எத்தனை மாதம் குடோனில் கிடந்தது என்று தெரிந்துவிடும். பழைய ஸ்டாக் என்றால் எடுக்கவே கூடாது என்று நான் சொல்ல மாட்டேன். விலையில் அது தெரிய வேண்டும், பேட்டரியும் டயரும் நல்ல நிலையில் இருக்க வேண்டும்.

கிலோமீட்டர், பெயின்ட் கீறல், இண்டிகேட்டர், இரண்டு பக்க மிரர், இரண்டு சாவி, டூல் கிட், வாரண்டி புத்தகத்தில் டீலர் சீல், எல்லாம் பாருங்கள். நம்பர் பிளேட் மாட்டாமல் புது வண்டியை வெளியே விடக் கூடாது என்று 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. டிஎன் 39-ஆ, 42-ஆ என்பது உங்கள் வீடு வடக்கா தெற்கா என்பதைப் பொறுத்தது. பிளேட் வந்த பிறகு எடுங்கள். அந்த உயர் பாதுகாப்பு பிளேட்டின் விலை வண்டி விலைக்குள்ளேயே அடக்கம், தனியாகக் கேட்டால் கொடுக்க வேண்டாம்.

கே: சம்பாதிப்பது நான், பணம் கட்டுவது நான். சேல்ஸ்மேன் பேசுவது முழுக்க என் தம்பியிடம்.
*— சிங்கர் டெய்லர், பூலுவபட்டி*

ப: கொட்டேஷனை உங்கள் பெயரில் எழுதச் சொல்லுங்கள். டெஸ்ட் ரைடும் நீங்களே போங்கள். அதற்குப் பிறகும் தம்பியிடமே பேசினால் அக்காவும் தம்பியுமாக அடுத்த ஷோரூமுக்குப் போய்விடுங்கள். இந்த ஊர் பனியன் கம்பெனிகள் பெண்களின் கையால் ஓடுகின்றன. அவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாத கடைக்கு அவர்கள் பணம் போக வேண்டியதில்லை.

கே: எனக்கு ஞாயிறு லீவு. சர்வீஸ் சென்டருக்கும் ஞாயிறு லீவு. நான் எப்போது வண்டியை விடுவது?
*— ஓவர்லாக் டெய்லர், மங்கலம் ரோடு*

ப: இந்தப் பகுதியில் எனக்கு அதிகம் வலித்த கேள்வி இதுதான்.

பீஸ் ரேட்டில் தைக்கிறவருக்குச் சர்வீஸ் பில் ரூ.1,500 என்றால் உண்மைச் செலவு அதோடு முடிவதில்லை. காலையில் வரிசையில் நின்று வண்டியை விட வேண்டும். பஸ் பிடித்துக் கம்பெனிக்குப் போக வேண்டும். சாயங்காலம் சென்டர் மூடும் முன் எடுக்க வேண்டும் என்று ஓவர்டைமை விட வேண்டும். போனால் "இன்னும் வாட்டர் வாஷ் ஆகலை" என்பார்கள். "ஸ்பேர்ஸ் வரலை, நாளைக்கு வாங்க" என்றால் அடுத்த நாளும் போச்சு. லீவு போட்டால் லைனில் இடம் மாறும், சூப்பர்வைசர் முகம் மாறும். இந்த இழப்பு எந்த பில்லிலும் எழுதப்படாமல் தொழிலாளி தலையில் விழுகிறது.

சனிக்கிழமை சம்பளம், ஞாயிற்றுக்கிழமை ஓய்வு என்று ஊரே ஒரு தாளத்தில் இயங்குகிறது. அந்தத் தாளம் தெரிந்துதான் ஞாயிறன்று சந்தையும் ஜவுளிக் கடையும் திறந்திருக்கின்றன. வண்டிக் கம்பெனிகளும் டீலர்களும் திருப்பூருக்கு என்று ஒரு நேரத்தை வகுக்க வேண்டும். ஞாயிறு திறந்து ஊழியர்களுக்கு வார நாளில் லீவு தரட்டும். முடியாவிட்டால் சனிக்கிழமை இரவு ஒன்பது மணி வரை வண்டியை வாங்கிக்கொள்ளட்டும், காலையில் ஏழு மணிக்கு ஷட்டரைத் தூக்கட்டும். இது சலுகை கேட்பது அல்ல. இங்கே வண்டி வாங்குகிறவர்களில் பெரும் பகுதி ஷிப்டுக்குப் போகிறவர்கள்தான்.

அதுவரை நீங்கள் செய்யக்கூடியது: வண்டி எடுக்கும் முன்பே ஞாயிறு திறக்கும் சென்டர் எது, வீட்டுக்கு வந்து எடுத்துப் போகும் வசதி உண்டா என்று கேளுங்கள். மைலேஜைக் கேட்பதற்கு முன்னால் இதைக் கேளுங்கள். போன் செய்து நேரம் வாங்குங்கள். ஜாப் கார்டில் திருப்பித் தரும் நேரத்தை எழுதச் சொல்லுங்கள். தாமதமானால் அந்தத் தாள்தான் உங்கள் பக்கம் பேசும்.

கே: ஃப்ரீ சர்வீஸ் என்றார்கள். பில் ரூ.900!
*— டையிங் தொழிலாளி, செட்டிபாளையம்*

ப: ஃப்ரீ என்பது கூலி மட்டும். ஆயில், ஃபில்டர், கேஸ்கெட்டுக்குப் பணம் உண்டு. இது நியாயமான நடைமுறைதான், முதலிலேயே சொல்லாததுதான் தப்பு. ஜாப் கார்டில் கையெழுத்துப் போடும் முன் என்ன செய்யப் போகிறார்கள், எவ்வளவு ஆகும் என்று எழுத வையுங்கள். அதற்கு மேல் ஏதாவது மாற்ற வேண்டியிருந்தால் போன் செய்து கேட்ட பிறகே மாற்ற வேண்டும் என்று சொல்லி வையுங்கள். மாற்றிய பழைய பாகத்தைக் கேட்டு வாங்குங்கள். உண்மையாகவே மாற்றியவர்கள் சிரித்துக்கொண்டே எடுத்துக் கொடுப்பார்கள்.

கே: எக்ஸெல்லில் துணி பண்டல் ஏற்றுகிறேன். செயினும் பிரேக் ஷூவும் சீக்கிரம் போகின்றன. வாரண்டி இல்லை என்கிறார்கள். ஏமாற்றுகிறார்களா?
*— ஜாப் ஒர்க் யூனிட் வைத்திருப்பவர், காங்கேயம் ரோடு*

ப: இல்லை. தேயும் பாகங்களுக்கு எந்தக் கம்பெனியும் வாரண்டி தருவதில்லை. 1980-ல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்த காலத்திலிருந்தே அந்த வண்டியின் வாரிசுகள் நம் ஊர்ச் சுமையைத் தூக்கி வருகின்றன. ஆனால் கையேட்டில் போட்டிருக்கும் எடைக்கு மேல் ஏற்றினால் தேய்மானம் உங்கள் கணக்கு. செயினுக்கு ஆயில் விடுங்கள், அளவு பார்த்து இறுக்குங்கள், பண்டலை இரண்டு நடையாக அடியுங்கள். பிரேக் பிடிக்காமல் சந்தில் இருந்து மெயின் ரோட்டில் இறங்கும் எக்ஸெல்லைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

கே: வெளியே மெக்கானிக்கிடம் விட்டால் வாரண்டி போய்விடுமா?
*— டெம்போ டிரைவர், பல்லடம்*

ப: வாரண்டி இருக்கும் வரை, புத்தகத்தில் சொன்ன நாள், கிலோமீட்டர்படி கம்பெனி சர்வீஸையே செய்துவிடுங்கள். ஒரு சர்வீஸ் சீல் இல்லாவிட்டாலும் அதைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்க வாய்ப்பு உண்டு. பஞ்சர், பல்பு, கேபிளுக்கெல்லாம் அங்கே ஓட வேண்டாம். வாரண்டி முடிந்த பிறகு, சத்தத்தைக் கேட்டே கோளாறு சொல்லும் தெருமுனை மெக்கானிக் ஒருவர் கிடைத்தால் அவரை விடாதீர்கள். 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்த பிறகு சின்ன வண்டிகளுக்கும் ஃபியூயல் இன்ஜெக்ஷன் வந்துவிட்டது. அதனால் அவரிடம் ஸ்கேனர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

கே: எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் எடுக்கலாமா? சர்வீஸ்தான் பயமாக இருக்கிறது.
*— மெர்ச்சண்டைசர், அவிநாசி ரோடு*

ப: பயத்துக்குக் காரணம் உண்டு. ஓலா எலெக்ட்ரிக்கின் தொழிற்சாலை நம் மாநிலத்தில், கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளி பக்கம் இருக்கிறது. 2023 செப்டம்பரிலிருந்து 2024 ஆகஸ்ட் வரை தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் அந்தக் கம்பெனி மேல் 10,644 புகார்கள் பதிவாயின. அவற்றில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவை சர்வீஸ் தாமதம். 2024 அக்டோபரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது. 99.1 சதவீதம் தீர்த்துவிட்டோம் என்று கம்பெனி பதில் சொன்னது.

வண்டி நல்லதா என்பது ஒரு கேள்வி. அது நின்றால் யார் தூக்கி நிறுத்துவார் என்பது வேறு கேள்வி. பிடித்த மாடலின் சர்வீஸ் சென்டருக்கு ஒரு வார நாள் சாயங்காலம் நேரில் போங்கள். எத்தனை வண்டி நிற்கிறது, தூசி படிந்து எத்தனை நிற்கிறது என்று பாருங்கள். வாசலில் காத்திருப்பவர் ஒருவரிடம் பேசுங்கள். எந்த விளம்பரமும் சொல்லாததை அவர் சொல்வார்.

கே: டீலர் கடையை மூடிவிட்டுப் போய்விட்டார். என் வாரண்டி?
*— பிரிண்டிங் யூனிட் ஊழியர், தாராபுரம் ரோடு*

ப: வாரண்டி கொடுத்தது கம்பெனி. அதே பிராண்டின் வேறு எந்த அங்கீகாரம் பெற்ற சென்டரிலும் செல்லும். கம்பெனியே விலகினாலும் வழி பிறந்ததுண்டு: 2020 செப்டம்பரில் ஹார்லி டேவிட்சன் இந்தியாவில் தன் விற்பனை அமைப்பையே மூடியது. அடுத்த மாதமே ஹீரோ மோட்டோகார்ப்புடன் ஒப்பந்தம் போட்டு சர்வீஸையும் ஸ்பேர்ஸையும் அவர்களிடம் ஒப்படைத்தது.

கே: 'ரீகால்' என்று போன் வந்தது. வண்டியில் ஒரு கோளாறும் இல்லை. போக வேண்டுமா?
*— யார்ன் கடை கணக்காளர், ராயபுரம்*

ப: போங்கள், பைசா செலவில்லை. 2021 மே மாதம் ராயல் என்ஃபீல்டு 2,36,966 வண்டிகளைத் திரும்ப அழைத்து, சந்தேகப்பட்ட இக்னிஷன் காயிலைச் சோதித்து மாற்றியது. கோளாறு வரும் முன்பே அழைக்கிறார்கள் என்றால் நல்லதுதான். சேஸிஸ் எண்ணைச் சொல்லி கம்பெனி வாடிக்கையாளர் எண்ணில் உறுதி செய்துவிட்டுப் போங்கள்.

கே: நான் ஒடிசாக்காரன், ஐந்து வருஷமாக இங்கே பனியன் கம்பெனியில் வேலை. இங்கே வண்டி எடுத்தால் ஊருக்குக் கொண்டுபோக முடியுமா?
*— அயர்னிங் தொழிலாளி, 15 வேலம்பாளையம்*

ப: தாராளமாக, தம்பி. இங்குள்ள முகவரிச் சான்றோடு தமிழ்நாட்டில் பதிவு செய்யுங்கள். ஊரில் 12 மாதத்துக்கு மேல் ஓட்டுவதாக இருந்தால் இங்கே ஆர்டிஓ ஆபீஸில் என்ஓசி வாங்கி அங்கே மறுபதிவு செய்ய வேண்டும். கடன் பாக்கி இருந்தால் ஃபைனான்ஸ் கம்பெனியின் சம்மதமும் வேண்டும். ஷோரூம் தாள் எதிலும் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள், படிக்கத் தெரிந்த நண்பரைக் கூட்டிப் போங்கள். இந்தி பேசும் வாடிக்கையாளருக்கு ஒரு விலை, உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை என்று எங்காவது நடந்தால் எழுதி அனுப்புங்கள். ஊருக்கே அவமானமான அதை நான் சும்மா விட மாட்டேன்.

கே: எல்லாம் பேசிப் பார்த்தாகிவிட்டது. ஐந்தாவது முறையும் அதே கோளாறு. இனி எங்கே போவது?
*— ஸ்டோர் கீப்பர், பெருமாநல்லூர்*

ப: ஐந்து ஜாப் கார்டும் பில்லும் கையில் இருக்கிறதல்லவா? அப்படியென்றால் நீங்கள் பலமாகத்தான் நிற்கிறீர்கள். டீலருக்கும் உற்பத்திக் கம்பெனிக்கும் சேர்த்து ஒரு மின்னஞ்சல் அனுப்புங்கள். தேதி வாரியாக எழுதுங்கள், திட்ட வேண்டாம். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண், தமிழிலேயே பேசலாம். அதிலும் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை செய்யும் இடத்திலேயே வழக்குப் போடலாம், கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் சரி. ஐந்து லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. பிரச்சினை எழுந்த இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். டீலர், உற்பத்தியாளர் இருவரையும் எதிர்தரப்பாகச் சேருங்கள். ஒருவரை விட்டால் மற்றவர் அவரைக் கைகாட்டுவார். மூன்று மாதத்தில், பரிசோதனை தேவைப்பட்டால் ஐந்து மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்கிறது சட்டம். நடைமுறையில் கூடுதலாகும் என்று நினைத்துத் தயாராகுங்கள்.

கே: டெலிவரி எடுத்த மறுநாள், 'கம்பெனியிலிருந்து போன் வரும், பத்துக்குப் பத்து சொல்லுங்கண்ணா' என்று சேல்ஸ் பையன் கெஞ்சுகிறான். என்ன சொல்வது?
*— நிட்டிங் ஆபரேட்டர், அனுப்பர்பாளையம்*

ப: அந்தப் பையனுக்கு மாத ஊக்கத்தொகையே அந்த மதிப்பெண்ணில் இருக்கலாம். அவன் நன்றாக நடந்திருந்தால் அவன் பெயரைச் சொல்லிப் பாராட்டுங்கள். ஹெல்மெட்டுக்குக் காசு வாங்கியிருந்தாலோ நம்பர் பிளேட் தாமதமாகியிருந்தாலோ அதையும் அதே போனில் தனியாகச் சொல்லுங்கள். இரண்டையும் குறித்துக்கொண்டீர்களா என்று கேட்டுவிட்டு போனை வையுங்கள்.